மருந்தின் மறுபாதியைப் பொதுச்சொத்தாக்குங்கள்

தூசி பட்டு அடுக்கடுக்காகத் தும்மல் வந்தால் மருந்துக் கடையில் நம்மில் பலர் கேட்டு வாங்கும் மாத்திரை ஃபெக்ஸோஃபெனடின். அல்லெக்ரா என்றால் சட்டென்று விளங்கும். தூக்கம் அவ்வளவாக வராது, இதயத்துக்குத் தொந்தரவில்லை என்று மருத்துவர்கள் நம்பி எழுதித்தரும் மருந்து. இதற்கு முன் இதன் இடத்தில் வேறொரு மாத்திரை இருந்தது. அது ஏன் காணாமல்போனது என்பதை மருந்து சாப்பிடும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த மாத்திரையின் பெயர் டெர்ஃபெனடின். 1985இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, தூக்கத்தை வரவழைக்காத ஒவ்வாமை மருந்து என்று கொண்டாடப்பட்டது. விழுங்கிய டெர்ஃபெனடின் கிட்டத்தட்ட முழுவதும் குடல் சுவரிலும் கல்லீரலிலும் வேறொரு பொருளாக மாறிவிடும். தும்மலை அடக்கியது அந்த மாறிய பொருள்தான். மாறாமல் ரத்தத்தில் தங்கும் டெர்ஃபெனடினுக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும் தன்மை இருந்தது. 39 வயதுப் பெண் ஒருவர் பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகொனசோலையும் சேர்த்துச் சாப்பிட்டு, துடிப்பு தாறுமாறாகி மயங்கி விழுந்த செய்தி 1990இல் மருத்துவ இதழில் வெளியானது. டெர்ஃபெனடினை மாற்றும் நொதியைக் கீட்டோகொனசோல் முடக்கியிருந்தது. எரித்ரோமைசினும் அதே வேலையைச் செய்யும் என்று பிறகு தெரிந்தது. கடைசியில், உடல் தானாகச் செய்துவந்த அந்த மாறிய பொருளையே ஆலையில் செய்து 1996இல் மருந்தாக அனுமதி வாங்கினார்கள். அதுதான் ஃபெக்ஸோஃபெனடின். 1998இல் டெர்ஃபெனடின் அமெரிக்கக் கடைகளிலிருந்து விலக்கப்பட்டது.

மருந்து வளர்சிதை ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது மதுரையில் கல்லூரி மாணவர்களுக்கு உயிர்வேதியியல் சொல்லித்தருகிறேன். புதிதாக வரும் ஒவ்வொரு வகுப்புக்கும் இந்த வரலாற்றைச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குகிறேன். நாம் விழுங்குவது மருந்தின் ஒரு பாதி. உடல் அதை எடுத்துச் செய்யும் மெட்டபொலைட் எனப்படும் வளர்சிதைப் பொருள் மறுபாதி. நோயைத் தீர்ப்பதும் நஞ்சாவதும் பல நேரம் அந்த மறுபாதிதான். அதைக் கல்லீரலுக்கு வெளியே, சாதாரண பாக்டீரியாவுக்குள் செய்துகொள்ளும் வழி நம் கைக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அந்த வழியை இந்தியா பொதுச்சொத்தாக வைத்திருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பாராசிட்டமாலைப் பாருங்கள். பழைய காய்ச்சல் மருந்தான அசிட்டானிலைடு உடலுக்குள் பாராசிட்டமாலாக மாறித்தான் வலியைத் தணிக்கிறது என்று 1948இல் பெர்னார்ட் பிராடியும் ஜூலியஸ் ஆக்ஸல்ராடும் காட்டினார்கள். அதே பாராசிட்டமாலை அளவு மீறிச் சாப்பிட்டால், கல்லீரல் நொதிகள் அதில் ஒரு பகுதியை இன்னொரு பொருளாக்கும். அது கல்லீரல் செல்களையே அழிக்கும். இருமலுக்கும் வலிக்கும் தரப்பட்ட கோடீன் உடலில் மார்ஃபினாக மாறுகிறது. சில குழந்தைகளின் உடல் அதை மிக வேகமாக மாற்றுவதால் மூச்சே திணறிப்போகும். 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கோடீன் தரக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் சொன்னதற்கு இதுவே காரணம்.

இந்த மாற்றங்களில் பெரும்பங்கு சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பத்தின் வேலை. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் சுனியோ ஒமுராவும் ரியோ சாட்டோவும் 1962இல் சூட்டிய பெயர் அது. மனிதருக்கு இந்தக் குடும்பத்தில் 57 மரபணுக்கள் உண்டு. மருந்துகளைக் கவனித்துக்கொள்வது அவற்றில் ஒரு கைப்பிடி அளவே: 3ஏ4, 2டி6, 2சி9, 2சி19, 1ஏ2 போன்றவை. காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறை இரண்டாகப் பிரித்து, ஓர் அணுவை மருந்தின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் செருகி, மற்றதை நீராக்கிவிடும். அந்த ஓர் அணு ஏறியதும் மருந்தின் குணம் மாறிவிடும்.

புதிய மருந்து ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவருபவர்கள் மறுபாதியையும் பரிசோதித்தாக வேண்டும் என்பது இன்று உலக நடைமுறை. அமெரிக்கா 2008இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே மருந்து விதிகளுக்கான சர்வதேச ஒத்திசைவுக் குழுவும் அதை ஏற்றது. ரத்தத்தில் மருந்து சார்ந்த பொருள்களின் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டும் மெட்டபொலைட், சோதனை விலங்குகளைவிட மனிதரிடம் கணிசமாகக் கூடுதலாக உண்டானால், அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். எலியின் நொதிகள் வேறு, நம் நொதிகள் வேறு. எலி செய்யாத பொருளைப் பற்றி எலிச் சோதனை எதுவும் சொல்லாது. அப்படியானால் அந்தப் பொருள் புட்டியில் கையில் இருக்க வேண்டும். அமைப்பைக் கண்டுபிடிக்கச் சில மில்லிகிராம் போதும். நச்சுத்தன்மையைச் சோதிக்கக் கிராம் கணக்கில் தேவை.

வேதியியலாளரிடம் கேட்டால் செய்து தருவார். ஆனால் முழுமையாகக் கட்டி முடித்த மூலக்கூறின் நடுவில், இருபது கரி அணுக்களில் இந்த ஒன்றின் மேல் மட்டும் ஆக்சிஜன் வை என்றால் அவருக்குத் திண்டாட்டம். சுவரில் ஒரு மாடம் வைக்க வீட்டையே இடித்துக் கட்டுவதுபோல, பல நேரம் முதல் படியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். நொதியோ அறை வெப்பத்தில், தண்ணீரில், ஒரே படியில் அந்த இடத்தைத் தேடிப்பிடித்து வைத்துவிடும்.

அந்த நொதியை எங்கிருந்து பெறுவது? உடல் தானம் செய்தவர்களின் கல்லீரல் துண்டுகளை நம்பினால் கிடைப்பது குறைவு, விலையும் அதிகம். மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்துச் செய்யச் சொல்வதே வழி. இன்சுலினை அப்படித்தான் செய்தார்கள். 1982 முதல் நீரிழிவு நோயாளிகள் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். பி450 அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. செல்லின் உட்சவ்வில் வாலைப் பதித்து உட்காரும் நொதி அது. பாக்டீரியா அதைச் செய்ய மறுத்தது. 1991இல் மைக்கேல் வாட்டர்மன் குழுவினர் பசுவின் பி450 ஒன்றின் தொடக்க முனையைத் திருத்தினார்கள். இரண்டாவது அமினோ அமிலத்தை அலனினாக மாற்றி, அடுத்த சில எழுத்துகளைப் பாக்டீரியாவுக்குப் பழக்கமானவையாக்கியதும் ஈ.கோலை என்ற அந்தப் பாக்டீரியா நொதியைச் செய்யத் தொடங்கியது. நொதிக்கு எலக்ட்ரான் கொடுக்கும் ரிடக்டேஸ் என்ற துணைப் புரதத்தையும் அதே பாக்டீரியாவில் சேர்த்து, மருந்தைப் போட்டால் மெட்டபொலைட் வரும் முழு ஏற்பாட்டை 1997இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் கெங்கரிச் குழுவினர் வெளியிட்டார்கள். 2010இல் சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் ஆய்வாளர்கள் இதே முறையில் மருந்து மெட்டபொலைட்களைச் செய்வதை விரிவாக எழுதினார்கள்.

ஆய்வகத்துக்குள் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மனித மரபணு ஏற்றிய ஈ.கோலையை ஊட்டக் கரைசலில் 37 டிகிரியில் வளரவிடுவோம். கரைசல் போதிய அளவு கலங்கியதும் வெப்பத்தை 28, 30 டிகிரிக்கு இறக்கி, ஷேக்கரின் வேகத்தைக் குறைத்து, ஐ.பி.டி.ஜி. என்ற பொருளைச் சேர்த்து மரபணுவை முடுக்குவோம். கூடவே டெல்டா அமினோலெவுலினிக் அமிலம் கொஞ்சம். நொதியின் நடுவே இரும்பை ஏந்திய ஹீம் இருந்தால்தான் அதற்கு உயிர். பாக்டீரியா தன் தேவைக்கு மேல் ஹீம் செய்யாது. அதற்கான மூலப்பொருளை நாம்தான் கொடுக்க வேண்டும். ஓரிரு நாள் கழித்து மையவிலக்கியில் சுற்றினால் செல்கள் அடியில் படியும். வெறும் ஈ.கோலை வெளிறிய மஞ்சளாகப் படியும். நொதி நன்றாகச் சேர்ந்திருந்தால் படிவு செம்பழுப்பாக இருக்கும். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததுமே மாணவர்களின் முகம் மலர்ந்துவிடும்.

நிறத்தை மட்டும் நம்பிவிட முடியாது. செல் கரைசலில் ஒரு சிட்டிகை சோடியம் டைதயோனைட்டைப் போடுவோம்; கந்தக நெடி மூக்கில் ஏறும். காற்றை வெளியே இழுக்கும் கூண்டுக்குள் வைத்து, கார்பன் மோனாக்சைடு வாயுவைக் குமிழ்குமிழாக விடுவோம். பிறகு நிறமாலைமானி. கோடு 450 நானோமீட்டரில் முகடாக எழும்பினால் நொதி சரியாக மடிந்திருக்கிறது. 420இல் எழும்பினால் குலைந்துபோன நொதி. மருந்தை வீணாக்காமல் அங்கேயே நிறுத்திவிடலாம். 450 வந்த குடுவையில் மருந்தைச் சேர்த்துச் சில மணி நேரம் குலுக்கி, ஒரு துளியை நிறைமானியில் ஏற்றினால், மூல மருந்தைவிட 16 அலகு எடை கூடிய ஒரு பொருள் திரையில் தெரியும். 16 என்பது ஓர் ஆக்சிஜன் அணுவின் எடை. நம் கல்லீரல் இருட்டில் செய்வதைக் கண்ணாடிக் குடுவையில் செய்து பார்த்துவிட்டோம் என்பதற்கு அந்த எண்தான் முதல் சாட்சி.

இதில் உலகுக்கே தெரியாத ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் நம் நாட்டில் ஒரு கல்லூரி ஆசிரியர் இதைச் செய்யப் புறப்பட்டால் முதல் படியிலேயே தடுக்கிவிடும். நொதி மரபணுவை வெளிநாட்டு ஆய்வகத்திடம் கேட்டு வாங்கினால், அதை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அடுத்த தெருக் கல்லூரி மீண்டும் முதலிலிருந்து எழுதிக் கேட்க வேண்டும். தயாரான நொதியை வாங்கினால் சின்னக் குழாய்க்கே கைப்பணம் கரையும். ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான தூய மெட்டபொலைட்டோ சில மில்லிகிராமுக்குப் பல ஆயிரம் ரூபாய். அதுவும் உலர்பனியில் வைத்து வெளிநாட்டிலிருந்து வந்துசேரும்வரை காத்திருக்க வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் இவை எல்லாம் உறைபெட்டியில் வரிசையாக இருந்தன. வாடிக்கையாளர் கம்பெனியின் மருந்து முடிந்ததும் பெட்டி பூட்டப்படும். அதில் இருந்த அறிவு வெளியே வராது. தொழிலின் விதி அது. பொது நன்மைக்கான ஏற்பாட்டை அரசுதான் செய்ய வேண்டும்.

ஏன் அவசரம் என்று கேட்பவர்களுக்கு என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். வலிப்புக்காக ஃபெனிடாயின் சாப்பிட்டுவந்தவர். வலிப்பு முழுதாக அடங்காததால் நாளொன்றுக்கு 300 மில்லிகிராமாக இருந்ததை 400 ஆக்கினார்கள். சில வாரங்களில் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, கண் நிலைகொள்ளாமல் ஆடியது. வாழ்நாளில் மதுவைத் தொடாத மனிதரை, குடித்துவிட்டு வருகிறார் என்று தெருவில் பேசினார்கள். சித்தி வாசலுக்கே வராமல் இருந்தார். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து மாத்திரையின் அளவைக் குறைத்த பிறகுதான் தெளிந்தார். ஃபெனிடாயினைக் கழிப்பது பெரும்பாலும் 2சி9 நொதி. அந்த நொதி தன் முழுத் திறனையும் எட்டிவிட்டால், அதற்கு மேல் ஏற்றும் சிறு அளவும் ரத்தத்தில் பல மடங்காகக் குவியும். சிலருக்குப் பிறப்பிலேயே இந்த நொதி மந்தம். சித்தப்பாவுக்கு எது காரணம் என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கும் வசதி பக்கத்தில் எங்கும் இருக்கவில்லை.

மந்தமான 2சி9 நம் மண்ணில் அரிதல்ல. புதுச்சேரி ஜிப்மரில் பேராசிரியர் ஆதித்தன் குழுவினர் தமிழ் மக்களிடையே 2சி9, 2சி19 மரபணு வேறுபாடுகளை ஆராய்ந்து 2000களிலேயே கட்டுரைகள் எழுதினார்கள். ஃபெனிடாயினைத் தென்னிந்தியர்களின் உடல் எப்படி மாற்றுகிறது என்பதையும் அளந்தார்கள். ஐரோப்பியரிடம் 2சி9இன் இரண்டாம் எண் வேறுபாடு அதிகம். நம்மிடம் மூன்றாம் எண் அதிகம். மூன்றாம் எண்ணில் 359ஆவது அமினோ அமிலமான ஐசோலியூசினின் இடத்தில் லியூசின் வந்துவிடுகிறது. அந்த ஒரு மாற்றத்தால் ஃபெனிடாயினும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் உடலில் தங்கும் நேரம் கூடுகிறது. ஐரோப்பியரின் உடலை அளவுகோலாக வைத்து எழுதிய மருந்தளவு நமக்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இப்போது ஜீனோம் இந்தியா திட்டத்தில் பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதி படிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் தரவுகள் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டிருக்கின்றன. பெரிய சாதனை. ஆனால் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று தெரிவதால் மட்டும் மருத்துவருக்குப் பயன் இல்லை. அந்த மாற்றத்தால் நொதி மந்தமாகிறதா, வேகமாகிறதா, எதுவும் ஆவதில்லையா என்று தெரிய வேண்டும். அதற்கு நேரான வழி, அந்த மாறிய மரபணுவை ஈ.கோலையில் வைத்து, நொதியைச் செய்து, மருந்தைக் கொடுத்து, வரும் மெட்டபொலைட்டை அளப்பதுதான். அளப்பதற்குத் தூய மெட்டபொலைட் ஒப்புப்பொருளாக வேண்டும். அதையும் அதே பாக்டீரியா செய்து தரும். கேள்விக்கும் விடைக்கும் ஒரே குடுவை போதும்.

அரசு செய்ய வேண்டியவை என்று நான் கருதுபவை மூன்று.

முதலாவது, நொதி வங்கி. சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1986 முதல் நுண்ணுயிர்ச் சேமிப்பகம் ஒன்று இயங்கிவருகிறது. கட்டணம் செலுத்தினால் எந்தக் கல்லூரிக்கும் பாக்டீரியாவை அனுப்பிவைப்பார்கள். முக்கியமான மருந்து நொதிகளையும், நம் மக்களிடம் காணப்படும் அவற்றின் வேறுபாடுகளையும் ஏந்திய ஈ.கோலை வரிசை ஒன்றை அங்கே சேர்க்க வேண்டும். காசநோய் மருந்தான ஐசோனியசிட்டைக் கழிக்கும் என்.ஏ.டி.2 நொதி பி450 குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் அதையும் ஈ.கோலையில் செய்யலாம், காசநோய்ச் சுமை மிகுந்த நாட்டில் வரிசையின் முன்னிடம் அதற்கே. மரபணுவைச் செயற்கையாக எழுதி வாங்குவது இன்று சில பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும் காரியம். யாருடைய ஒப்பந்தத்துக்கும் கட்டுப்படாத, நாமே எழுதிய மரபணுக்களாக அவை இருக்கட்டும்.

இரண்டாவது, மெட்டபொலைட் களஞ்சியம். வலிப்பு, காசநோய், இதயம், நீரிழிவு ஆகியவற்றுக்கு அரசு மருத்துவமனைகள் ஆண்டு முழுக்கத் தரும் மருந்துகளின் மெட்டபொலைட்களைப் பொது ஆய்வகங்களில் செய்து, தூய்மைச் சான்றோடு மருத்துவக் கல்லூரிகளின் மருந்தியல் துறைகளுக்கு வழங்க வேண்டும். ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்குச் சில மில்லிகிராம் போதும். மருந்தும் மெட்டபொலைட்டும் நோயாளியின் ரத்தத்தில் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளக்கத் தெரிந்த துறை, தள்ளாடி வரும் ஒருவரைப் பார்த்து நின்று யோசிக்கும்.

மூன்றாவது, விதி. இந்தியாவில் புதிய மருந்துக்கு அனுமதி கேட்கும் கம்பெனி, அதன் முக்கிய மெட்டபொலைட்களின் மாதிரியையும் களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு கேட்க வேண்டும். பாதுகாப்புச் சோதனைக்காகக் கம்பெனியார் அதை எப்படியும் செய்திருப்பார்கள். மெட்டபொலைட்டின் வேதி அமைப்பும் பெரும்பாலும் வெளியிடப்பட்டுவிடும். மாதிரியைக் கொடுப்பதால் தொழில் ரகசியம் எதுவும் பறிபோகாது.

மறுப்புகள் எனக்குத் தெரியும். ஈ.கோலை கல்லீரல் ஆகுமா என்று கேட்பார்கள். ஆகாது. கல்லீரலில் பல நொதிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வேலை செய்கின்றன. மருந்தை உள்ளே இழுக்கும் புரதங்களும் வெளியே தள்ளும் புரதங்களும் இருக்கின்றன. குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டும் நொதிகள் பாக்டீரியாவில் சரியாகப் படிவதில்லை. சில மருந்துகள் ஈ.கோலையின் வெளிச்சவ்வைத் தாண்டி உள்ளே போவதே கடினம். ஆனால் ஒரு நொதி ஒரு மருந்தை என்ன செய்கிறது என்ற கேள்விக்குத் தெளிவான விடை தருவது, மற்றவை எதுவும் குறுக்கே வராத இந்த ஏற்பாடுதான். கல்லீரல் செல்களோடும் நோயாளியின் ரத்த மாதிரியோடும் சேர்த்துப் படிக்க வேண்டிய முதல் பக்கம் இது.

மரபணு மாற்றிய பாக்டீரியா ஆபத்து என்று அஞ்சுபவர்களுக்கும் பதில் உண்டு. ஆய்வகத்தில் பயன்படும் ஈ.கோலை வகைகள் வெளியே பிழைத்துப் பெருக முடியாதபடி பலவீனப்பட்டவை. வேலை முடிந்ததும் அழுத்தக் கொதிகலனில் வைத்து அழிக்கிறோம். நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் கண்காணிப்பும் 1989ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. அவற்றைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

வேதியியலாளர்களின் வயிற்றிலும் இது அடிக்காது. நொதி சில மில்லிகிராம் செய்து, ஆக்சிஜன் எந்தக் கரியில் ஏறியது என்று காட்டும். கிராம் கணக்கில் தேவை வந்தால் அந்த வரைபடத்தை வைத்துச் செய்து தருவது வேதியியலாளர்தான். இரு கைகளும் நம் நாட்டில் இருக்கின்றன; அவற்றைச் சேர்த்துவைக்கும் இடம்தான் இல்லை.

உலகத்துக்கே மலிவு விலையில் மாத்திரை செய்து அனுப்பும் நாடு என்று பெருமைப்படுகிறோம். நியாயமான பெருமை. மாத்திரையைச் செய்யும் திறமையைப் பல பத்தாண்டுகள் உழைத்து வளர்த்தோம். அந்த மாத்திரை நம் மக்களின் உடலுக்குள் போய் என்னவாக மாறுகிறது என்று அறியும் திறமையையும் அதே அக்கறையோடு வளர்க்க வேண்டும். மருந்தளவு என்பது மாத்திரை அட்டையில் அச்சிட்ட எண்ணோடு முடிந்துவிடுவதில்லை. சாப்பிடுபவரின் நொதியையும் பொறுத்தது. அதை அளக்கும் கருவியும் ஒப்புப்பொருளும் மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு மருந்தியல் துறைக்குக் கைக்கெட்டும் விலையில் கிடைக்க வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் உயிரித் தொழில்நுட்பத் துறை ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கை இந்த நொதி வங்கிக்கு வைத்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்கட்டும். மருத்துவக் கல்லூரி முதல்வர்கள் எழுதிக் கேட்கட்டும்.